மயில் குடும்பத்தின் கணப்பு

ஜெர்மன் மொழியில் ‘ப்ஃபாவ்’ என்றால் மயில். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் அந்தப் பெயர் கொண்ட குயவர் குடும்பம் ஒன்று, 16ஆம் நூற்றாண்டு தொடங்கிப் பல தலைமுறைகளாக ஓட்டுக் கணப்புகளை, அதாவது சுட்ட மண் ஓடுகளால் கட்டி அறையைச் சூடாக்கும் அடுப்புகளை, செய்துவந்தது. லுட்விக் ப்ஃபாவ் 1620இல் செய்த கணப்பு சூரிச் நகரின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டேவிட் ப்ஃபாவின் பட்டறையில் 1684-85 வாக்கில் உருவான இன்னொன்று, ஃபிலிம்ஸ் என்ற ஊரின் மாளிகையிலிருந்து பெயர்த்தெடுத்த மர அறையோடு நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. வெள்ளை ஓடுகளில் நீலமும் மஞ்சளுமாகத் தீட்டப்பட்ட விவிலியக் காட்சிகளைப் பார்க்கிறவர்கள் அதை ஓவியமாகவே எண்ணிக் கடந்துபோகிறார்கள். உண்மையில் அது வெப்பத்தைச் சேமித்து, சிறிது சிறிதாகச் செலவழிக்கும் கருவி.

அதன் வயிற்றில் எரியும் நெருப்பு அறையிலிருப்பவர் கண்ணில் படாது. சுவருக்கு அப்பால், சமையலறையிலோ நடைவழியிலோ இருக்கும் வாய் வழியாக விறகு இடுவார்கள். அறைக்குள் புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. ஒவ்வோர் ஓட்டின் முதுகிலும் வளையம்போல் ஒரு விளிம்பு எழும்பி நிற்கும். அந்தக் குழிவைக் களிமண்ணாலும் கல்துண்டுகளாலும் அடைப்பார்கள். ஆக, நெருப்புக்கும் அறைக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஓடல்ல, கனத்த மண்சுவர். சுட்ட மண்ணில் வெப்பம் மிக மெதுவாகவே ஊரும்: 10 செ.மீ. தடிப்பைக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். காலையில் மளமளவென்று எரித்த விறகின் சூடு மாலையில்தான் முழுமையாக வெளியே வருகிறது. ஒரு டன் எடையுள்ள கணப்பின் சூடு 60 டிகிரி உயர்ந்தால் அதில் ஏறக்குறைய 50 மெகாஜூல் ஆற்றல் தங்கும். வீணாகும் சூட்டையும் கணக்கில் சேர்த்தால், உலர்ந்த விறகு ஐந்தாறு கிலோ எரிந்தாலே அதற்குப் போதும்.

வெண்ணிறப் பரப்பு வெப்பத்தை வெளிவிடாதே என்று கேட்கத் தோன்றும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டுமே அந்த ஓடு வெள்ளை. வெப்பம் பயணிக்கும் அகச்சிவப்புக் கதிர்களைப் பொறுத்தவரை அது கரியைப் போலவே நடந்துகொள்கிறது. மேற்பரப்பு 70 டிகிரியிலும் அறை 20 டிகிரியிலும் இருந்தால், ஒரு சதுர மீட்டர் ஓடு கதிர்வீச்சினால் மட்டும் சுமார் 330 வாட் வழங்கும்.

அந்த வெண்மை வெள்ளீயத்தின் கொடை. காரீயம் கலந்த கண்ணாடிப் பூச்சில் வெள்ளீய ஆக்சைடைச் சேர்த்தால் அது முற்றிலும் கரையாமல் நுண்படிகங்களாக நிற்கும். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5, படிகங்களுடையது 2. இந்த வேறுபாட்டால் உள்ளே நுழையும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறி, அடியிலுள்ள மண்ணின் நிறத்தை மறைத்துவிடுகிறது. சுடாத பூச்சு, உலர்ந்த மாவுபோல் ஓட்டின்மேல் ஒட்டியிருக்கும்போதே ஓவியர் தூரிகையை வைக்கிறார். தொட்ட கணமே மாவு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வைத்த கோட்டை அழிக்க வழியில்லை. அதன்பின் சூளைச் சூட்டைத் தாங்கும் நிறங்களோ மிகச் சில: கோபால்ட்டின் நீலம், செம்பின் பச்சை, மாங்கனீசின் ஊதா, ஆன்டிமனியின் மஞ்சள். நல்ல சிவப்பு கிடைப்பது அரிது. சிவப்பில்லாத உலகில் இத்தனை போர்களையும் வீரர்களையும் தீட்டியதே, என் பார்வையில், இவர்களின் பெரிய சாதனை.

ஆனாலும் மிக நுட்பமான முடிவு மண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. சூளை ஆறும்போது ஓடும் பூச்சும் சேர்ந்தே சுருங்குகின்றன. ஓடு குறைவாகச் சுருங்கினால் பூச்சு இழுபட்டு, வலை பின்னினாற்போல் விரிசல் விடும். அளவுக்கு மீறிச் சுருங்கினால் பூச்சு பிதுங்கி உரிந்துவிடும். சாதாரணச் செம்மண் ஓடு போதிய அளவு சுருங்குவதில்லை. சுண்ணாம்பு மிகுந்த களிமண்ணை ஏறத்தாழ 1000 டிகிரியில் சுட்டால் கால்சியம் சிலிக்கேட்டுகள் உருவாகி, ஓடு பூச்சைவிடச் சற்றே கூடுதலாகச் சுருங்கும். அப்போது பூச்சு இலேசான அழுத்தத்தில் இறுகி நிற்கும். கண்ணாடி இழுவிசைக்கு உடையுமே தவிர அழுத்தத்தைத் தாங்கும். இந்த வேதியியலுக்குப் பெயர் வைக்கப்படாத காலத்திலேயே, எந்த மண் பொருந்தும் என்பது பட்டறைகளின் கைப்பழக்கத்தில் இருந்தது.

ஓடுகளை இணைப்பதும் களிமண்ணே, சுண்ணாம்புச் சாந்தல்ல. எரியும்போது விரிந்தும் ஆறும்போது சுருங்கியும் மாறும் ஓடுகளுக்கு அது இடம் கொடுக்கிறது. நனைத்தால் மறுபடியும் இளகிவிடுகிறது. அதனால்தான் இத்தகைய கணப்பை ஓடு உடையாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி, வேறோர் இடத்தில் திரும்பவும் அடுக்க முடிகிறது.