குடிலுக்குள் மறையாத மனித மணம்

வன்னிக் குளக்கரையொன்றில், இலைகுழைகளால் மூடிய குடிலுக்குள் ஒருவர் அசையாமல் அமர்ந்திருந்தாலும், தண்ணீர் குடிக்க வந்த மரை மனித மணம் எட்டியதும் திடீரெனத் தலையைத் தூக்கிக் காட்டுக்குள் திரும்பிவிடுவதுண்டு. இலங்கையில் 1937ஆம் ஆண்டு இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான், மரை வேட்டையைத் தடுப்பதால், இங்கே இத்தகைய குடில்கள் படம் பிடிப்போருக்கும் விலங்குகளைக் கவனிப்போருக்குமே உரியவை. ஆயினும் வட அமெரிக்க மான் வேட்டைக்காரர்கள் தரையில் விரிக்கும் துணிக்கூடாரத்துக்குள் எதிர்கொள்வதும் இதே சிக்கல்தான்.

புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு மணம் மிகக் குறைவு. தோலில், குறிப்பாக அக்குளில் வாழும் பற்றீரியாக்கள் அதைச் சிதைத்து, எளிதில் ஆவியாகும் கொழுப்பமிலங்களையும் கந்தகச் சேர்மங்களையும் உண்டாக்குகின்றன. உடல் வெப்பத்தால் சூடேறிய காற்று மேலெழும்போது இந்த ஆவிகளையும் உதிரும் தோற்செதில்களையும் தூக்கிச் செல்கிறது. மார்கழி அதிகாலையின் குளிரில் இந்த ஏற்றம் வலுவாக இருக்கும். வெளிக்காற்று தோலின் வெப்பநிலையை நெருங்கும் கோடை மதியத்திலோ அது தளர்ந்துவிடும்.

மனிதரில் வேலை செய்யும் மணவாங்கி (மணத்தை உணரும் புரதம்) மரபணுக்கள் ஏறத்தாழ 400. பன்றியில் அவை 1000ஐத் தாண்டுகின்றன. இத்தகைய மூக்கை முற்றாக ஏமாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் கரியூட்டிய உடைகளை நான் பெரிதாக நம்புவதில்லை. மணத்தைப் பிடித்துவைக்கும் உட்பரப்பு, ஒரு கிராம் செயலூட்டிய கரியில் பல நூறு சதுர மீற்றர் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பரப்பு நிரம்பிய பின், அதை முழுமையாகப் புதுப்பிக்கப் பல நூறு பாகை வெப்பம் வேண்டும். வெயிலில் காயவைத்து அதைப் பெற முடியாது. மூச்சுக்காற்றையும் உடை தடுக்காது. வாசனையற்ற சவர்க்காரமும், கொழுப்பமிலங்களை ஆவியாகாத உப்புகளாக மாற்றும் அப்பச்சோடாவும் மலிவானவை. ஓரளவு பயனும் தருபவை.

எஞ்சிய மணம் எந்தத் திசையில் போகிறது என்பதே முக்கியம். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில், விலங்குகள் இறங்கும் துறைக்கு வடகிழக்கே குடில் அமைந்தால், மணம் பின்புறமாக விலகிச் செல்லும். பின்பக்கத்திலும் ஒரு திறப்பு இருந்தால் காற்று உள்ளே சுழலாமல் நேரே வெளியேறும். குளக்கட்டின் காற்று மறைவில் குடில் கட்டுவது தவறு, ஏனெனில் கட்டைத் தாண்டும் காற்று அங்கே சுழன்று, மணத்தை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கும். அப்படிச் சிதறும் மணம் சீரான படலமாக அன்றி அறுந்த இழைகளாகவே பரவுகிறது. அதனால்தான் நெடுநேரம் அமைதியாக மேய்ந்த மான் ஓர் இழை எட்டியதும் வெருண்டோடுகிறது.

சூரியன் மறைந்து சோளகம் ஓய்ந்த தெளிவான இரவுகளில் கணக்கு மாறும். நிலம் நீரைவிட விரைவாகக் குளிர்வதால், கரையிலிருந்து குளத்தை நோக்கி மெல்லிய காற்று நகரத் தொடங்கி, பகல் முழுவதும் பின்னால் போன மணத்தை நேரே தண்ணீர்த் துறைக்குக் கொண்டு சேர்க்கக்கூடும். கையால் உணர முடியாத இந்த நகர்வை, சிறிதளவு முகப்பவுடரைத் தூவிப் பார்த்தால் கண்ணாலேயே காணலாம். பவுடர் துறைப்பக்கம் சாயத் தொடங்கினால், விலங்குகள் வருமுன் குடிலை விட்டு விலகுவதே நல்லது.