சொல் விளக்கம்: பேரன்டரல் நியூட்ரிஷன் – சிரைவழி ஊட்டம்

“எங்க ஐயாவுக்கு நாலு நாளா குளுக்கோஸ்தான் ஏறுது. சாப்பாடெல்லாம் அதுலயே போயிருதுல்லா?” பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி வராந்தாவில் இப்படி யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். போகாது. அரை லிட்டர் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, சுமார் 85 கலோரி. இரண்டு சின்ன இட்லிக்கு மேல் தேறாது. சாப்பாட்டையே ஊசி வழியாகக் கொடுப்பதற்குப் பெயர் பேரன்டரல் நியூட்ரிஷன். முழுச் சாப்பாடும் அப்படியே போனால் டாக்டர்கள் டி.பி.என். (டோட்டல் பேரன்டரல் நியூட்ரிஷன்) என்பார்கள்.

கிரேக்கத்தில் ‘பாரா’ என்றால் பக்கத்தில், அப்பால். ‘என்டெரான்’ என்றால் குடல். அப்படியே பெயர்த்தால் ‘குடல்சாரா ஊட்டம்’ என்று வரும். ஆனால் எந்த வழியாகப் போகிறது என்பது அதில் தெரியாது. தசையில் போடும் ஊசியும் பேரன்டரல்தான். உணவு மட்டும் சிரையில்தான், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில்தான், போகும். அதனால் ‘சிரைவழி ஊட்டம்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பேச்சில் நாம் ‘நரம்பு ஊசி’ என்போம், ஆனால் மருத்துவத் தமிழில் நரம்பு வேறு. ‘இரத்த நாளம்’ என்றால் தமனியும் உள்ளே வந்துவிடும். சிரை என்பது வடமொழி ‘சிரா’. ஊட்டம் நம்முடைய ‘உண்’ வழி வந்தது: தானே உண்ண முடியாதவருக்குப் பிறர் ஊட்டுவது.

சரி, பைக்குள் என்ன இருக்கிறது? மாவுச்சத்துக்கு டெக்ஸ்ட்ரோஸ், கிராமுக்கு 3.4 கலோரி. புரதத்துக்கு, ஏற்கெனவே பிரிந்த நிலையில் அமினோ அமிலங்கள். ஜீரணிக்கும் குடல் வழியே போகாததால் முழுப் புரதமாகக் கொடுக்க முடியாது. கொழுப்புதான் இருப்பதிலேயே சிக்கலானது. எண்ணெயை அப்படியே சிரையில் விட்டால் ஆளையே கொன்றுவிடும். சோயா எண்ணெயை முட்டை மஞ்சள் கருவின் லெசித்தின் சேர்த்து நுண்துளிகளாக உடைக்கிறார்கள், பார்க்கப் பால் போலிருக்கும். முட்டை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லச் சொல்வது இதனால்தான். அப்புறம் சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், பாஸ்பேட் உப்புகள், வைட்டமின்கள், துளியளவு துத்தநாகம், செம்பு, செலினியம், இவற்றைச் சுமக்கத் தண்ணீர்.

1960களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ஆர்விட் ரெட்லிண்ட் அந்தக் கொழுப்புக் கரைசலைப் பக்குவப்படுத்தினார். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஸ்டான்லி டட்ரிக், நாய்க்குட்டிகளையும் பிறகு ஒரு பச்சிளங்குழந்தையையும் சிரைவழி ஊட்டத்திலேயே வளர்த்துக் காட்டினார்.

கரைசல் அடர்த்தியாக இருந்தால் கைச்சிரை புண்ணாகிவிடும். அதனால் கழுத்து அல்லது மார்பு வழியாகப் பெருஞ்சிரையில் குழாய் போடுவார்கள். அதில் கிருமி தொற்றினால் நேரே ரத்தத்துக்குப் போகும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு மளமளவென்று ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறலாம், ஆகவே கொஞ்சத்தில் தொடங்கித்தான் கூட்டுவார்கள். குடல் வேலை செய்கிற ஆளுக்கு இத்தனை பாடு தேவையில்லை. மூக்குக் குழாய் வழியாக வயிற்றுக்கே கொடுக்கலாம், அதன் பெயர் குடல்வழி ஊட்டம்.