ஊசில நூல் கோக்க வராத பிள்ளையைத் திட்டாதீங்க, கண்ணைப் பாருங்க

எங்க பாட்டி இருந்தவரைக்கும் ஊசில நூல் கோத்துக் குடுக்கறது வீட்ல என்னோட டூட்டி. "கண்ணு, இதைக் கொஞ்சம் கோத்துக் குடு, எனக்குத் தெரியமாட்டேங்குது"ன்னு கூப்பிடுவாங்க, நானும் நூல் நுனியை எச்சில் தொட்டு ஒரே தடவைல விட்டுட்டு ஏதோ பெருசா சாதிச்ச மாதிரி ஓடிடுவேன். அந்த ஊசிக் காது ஒரு கண் டெஸ்ட்டுன்னு அப்போ தெரியாது. பாட்டி ஃபெயில், நான் பாஸ், அவ்ளோதான்.

இப்போ நான் கோத்தகிரி பக்கம் ஆப்டோமெட்ரிஸ்ட். கண் டாக்டர் இல்லீங்க, பவர் பாத்து கண்ணாடி எழுதிக் குடுத்து, சந்தேகமா இருந்தா டாக்டர்கிட்ட அனுப்பி வைக்கிற ஆள். பக்கத்து ஹட்டில, அதாவது படுகர் ஊர்ல, சமுதாயக் கூடத்துல சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு அஞ்சாறு பொம்பளைங்க சேந்து பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் குடுக்கறாங்க, ஃபீஸ் எல்லாம் கிடையாது. அம்மா தேயிலை எடுக்கப் போயிடுவாங்க, பிள்ளை வீட்ல போனை நோண்டிட்டு இருக்கும், அதுக்கு இங்க வந்து உக்காரட்டுமேன்னு ஆரம்பிச்சது, இப்போ இருபத்தி சொச்சம் பிள்ளைங்க வருது, அதுல ஆறேழு பசங்களும் உண்டு. இழையை எண்ணித் தைக்க வசதியா கட்டம் கட்டமா நெய்த மேட்டி துணி, மொக்கை ஊசி, டெய்லர் கடைல மிஞ்சின வெட்டுத்துணி, ஊல்லன் நூல். நடத்தற அக்கா என்கிட்ட படிக்கிற கண்ணாடி வாங்க வந்தப்போ "ஒரு நாள் வந்து பிள்ளைங்க கண்ணையும் பாருங்களேன்"னு கேட்டாங்க, டீயும் வர்க்கியும் உண்டுன்னு வேற சொன்னாங்க, போயிட்டேன்.

போன அன்னிக்கு நான் டார்ச்சு சார்ட்டு எதையும் வெளிய எடுக்கல. சும்மா ஓரமா உக்காந்து வேடிக்கைதான் பாத்தேன். சத்தியமா சொல்றேன், பத்து நிமிஷம் ஒரு பிள்ளை தைக்கறதைப் பாத்தா அரை மணி நேரம் சார்ட்டு படிக்க வைச்சதை விட நிறைய தெரியுது. ஒண்ணு துணியை மூக்குகிட்ட கொண்டு போகுது, ஒண்ணு தலையை ஒரு பக்கமா சாய்க்குது, ஒண்ணு நாலு தையல் போட்டதும் கண்ணைத் தேய்க்குது, இன்னொண்ணு "எனக்குத் தலை வலிக்குது"ன்னு எந்திரிச்சுப் போய் ஜன்னல்கிட்ட நிக்குது.

அதுல ஒரு பாப்பா, ஏழு வயசு, ரெண்டாங் கிளாஸ். ஊசியைப் பிடிச்சிருந்த விதம் சரி, நூலும் நல்லா முறுக்கி வச்சிருந்தா, ஆனா நூல் ஊசிக் காதுக்குள்ள போகாம ஒவ்வொரு தடவையும் காதுக்கு முன்னாடியோ பின்னாடியோ போகுது. இடப்பக்கம் வலப்பக்கம் தவறல, முன்ன பின்னதான் தவறுது. "இதுக்கு எப்பவும் இப்படித்தான், பொறுமையே கிடையாது, பக்கத்துல இருக்கறவளைக் கோக்கச் சொல்லிடும்"னு அக்கா சொன்னாங்க. நான் பக்கத்துல போய் விளையாட்டு மாதிரி அவ வலது கண்ணை என் உள்ளங்கையால மூடினேன், ஒண்ணும் சொல்லாம கோக்கப் பாத்தா. இடது கண்ணை மூடினேன், உடனே என் கையைத் தட்டி விட்டுட்டா. மறுபடி மூடினேன், மறுபடி தட்டி விட்டா. எனக்கு வயித்துல ஏதோ பண்ணிடுச்சு.

ஏன்னா இந்தப் பாப்பாவை நான் ஏற்கனவே பாத்திருக்கேன். போன வருஷம் ஒரு ஸ்கூல் கேம்ப்ல, ரெண்டு கண்ணும் 6/6, அதாவது பார்வை சரியா இருக்குன்னு எழுதி அனுப்பினதே நான்தான். ஒரு நாள்ல நூத்தம்பது பிள்ளைங்க, வரிசைல நின்னு முன்னாடி நிக்கறவ படிக்கறதைக் கேட்டே சார்ட்டு மனப்பாடம் ஆயிருக்கும், அதோட கண்ணை நீயே மூடிக்கோன்னு விட்டுட்டோம், பிள்ளைங்க விரலால மூடும், விரல் சந்துல நல்ல கண்ணு எட்டிப் பாக்கும். யாரைக் குத்தம் சொல்றது, என் அவசரம்தான். அதுக்கப்புறம் எங்க கேம்ப் போனாலும் கண்ணை மூட ஒரு ஆள் தனியா நிக்கும், சார்ட்டையும் நடுவுல மாத்திடுவேன்.

அந்தப் பாப்பாவோட வலது கண்ணு 6/24, அதாவது மத்தவங்க 24 மீட்டர்ல இருந்தே படிக்கறதை அந்தக் கண்ணு 6 மீட்டருக்கு வந்தாத்தான் படிக்கும். கோயம்புத்தூர்ல குழந்தைங்க கண் டாக்டர்கிட்ட அனுப்பினேன், சொட்டு மருந்து விட்டுப் பாத்ததுல அந்தக் கண்ணுல மட்டும் ப்ளஸ் பவர், அதாவது தூரப்பார்வைக் குறை, நிறைய. இந்தச் சொட்டு மருந்துக்குப் பயந்து நிறைய பேர் வேண்டாம்னு வந்துடறாங்க, அதனால சொல்லிடறேன். சின்னப் பிள்ளைங்க கண்ணுல உள்ள லென்ஸ் ரொம்ப பலம், ப்ளஸ் பவர் இருந்தாலும் இழுத்துப் பிடிச்சு சமாளிச்சுக் காட்டிடும், போர்டும் படிச்சிடும். மருந்து விட்டு அந்தப் பிடியைத் தளர்த்தினாத்தான் உண்மையான பவர் வெளிய வரும். மருந்தைப் பொறுத்து ஒண்ணு ரெண்டு நாளைக்கோ அதுக்கு மேலயோ வெளிச்சம் கூசும், கிட்டத்துல மங்கும், அப்புறம் சரியாயிடும்.

ரெண்டு கண்ணுக்கும் பவர் இவ்ளோ வித்தியாசம் இருந்தா மூளை தெளிவாத் தெரியற கண்ணை மட்டும் எடுத்துக்கும், மத்ததை ஒதுக்கி வச்சிடும். சோம்பேறிக் கண்ணுன்னு சொல்றாங்க, எனக்கு அந்தப் பேரே பிடிக்கறதில்ல, கண்ணு பாவம் என்ன பண்ணுச்சு. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது, மாறுகண் கிடையாது, சிவக்காது, வலிக்காது. ரெண்டு கண்ணும் சேந்து பாத்தாத்தான் ஒரு பொருள் எவ்ளோ கிட்ட எவ்ளோ தள்ளி இருக்குன்னு துல்லியமாத் தெரியும், அது இல்லாததாலதான் நூல் ஊசிக்கு முன்ன பின்ன போயிட்டே இருந்துச்சு. ஏழு எட்டு வயசுக்குள்ள பிடிச்சிட்டா நல்லாத் திரும்பும். அதுக்கு மேலயும் பண்றாங்க, ஆனா பலன் கம்மி, பிள்ளையைப் பொறுத்தது.

முதல்ல கண்ணாடி மட்டும், சில மாசம். அப்புறம் நல்ல கண்ணை தினமும் 2 மணி நேரம் மூடச் சொன்னாங்க. இந்த அளவு பார்வைக் குறைவுக்கு 2 மணி நேரம் மூடினாலே 6 மணி நேரம் மூடின அளவுக்குப் பலன் வருதுன்னு 2003லயே அமெரிக்கால பெரிய ஆராய்ச்சி பண்ணி சொல்லிட்டாங்க, அதனால நாள் பூரா மூடி பிள்ளையைப் படுத்த வேண்டாம். மூடியிருக்கற நேரத்துல என்ன பண்றதுன்னு அம்மா கேட்டாங்க, பாப்பா "தைக்கறேன்"னுட்டா. கிட்டத்து வேலைதான் பண்ணணும்னு இல்ல, எதுவேணா பண்ணலாம், ஆனா மூடினதைப் பிச்சுப் போடாம ரெண்டு மணி நேரம் ஒரு பிள்ளை உக்காரணுமே, அதுக்கு ஊசி நூல் நல்லாவே உதவுச்சு. ஸ்கூல்ல பசங்க கிண்டல் பண்றாங்கன்னு தெரிஞ்சதும் தையல் குரூப் பிள்ளைங்களே கறுப்புத் துணில கண்ணாடிக்கு மேல மாட்டற மாதிரி உறை தைச்சு செயின் ஸ்டிச்சுல ஒரு பூ போட்டுக் குடுத்தாங்க. நான்தான் நடுவுல புகுந்து பக்கவாட்டுலயும் மூடற மாதிரி திருப்பித் தைக்கச் சொன்னேன், இல்லாட்டி அங்கயும் எட்டிப் பாக்கும் அந்தத் திருட்டுக் கண்ணு. இப்போ 6/9 வந்திருக்கு.

இன்னொரு பையன், 12 வயசு. இவன் கதை வேற. ஒரு சனிக்கிழமை நம்ம நீலகிரிப் பழங்குடியான தோடர் அம்மா ஒருத்தங்க வந்து அவங்க எம்ப்ராய்டரி எப்படிப் போடறதுன்னு காட்டினாங்க, 2013ல புவிசார் குறியீடு வாங்கின வேலை அது. வெள்ளைத் துணி, சிவப்பும் கறுப்பும் நூல், பென்சில்ல கோடு கிடையாது, ரிங்கு கிடையாது, துணியோட இழையை எண்ணி எண்ணியே ஊசி போகும், பாத்துட்டு இருந்தா மூச்சு விட மறந்துடும். பிள்ளைங்களுக்கு மேட்டி துணில சின்னதா ஒரு வரிசை போட்டுப் பாக்கக் குடுத்தாங்க. இந்தப் பையன் எண்ணுறதுல ஒரு இழை தப்பு விடல, அந்த அம்மாவே தலையை ஆட்டினாங்க, ஆனா சிவப்பு வர்ற இடத்துல எல்லாம் கறுப்பு. பிரிச்சுட்டு மறுபடி போடுன்னா மறுபடியும் அதே. "வேணும்னே பண்றான்"னு ஒருத்தங்க சொன்னாங்க. நான் ரெண்டு நூல்கண்டையும் அவனையும் கூட்டிட்டு வாசலுக்கு வந்து வெளிச்சத்துல காட்டினேன். உத்து உத்துப் பாத்துட்டு "ரெண்டும் ஒண்ணுதானேக்கா, இது மட்டும் கொஞ்சம் புதுசு"ன்னான்.

நிறக்குறைபாட்டுல ஒரு வகை உண்டு, அதுல சிவப்பு மங்கி இருட்டாத் தெரியும், கறுப்புகூடக் குழம்பிடும். இஷிஹாரா புக்குன்னு புள்ளி புள்ளியா நம்பர் இருக்குமே, ஜப்பான் டாக்டர் ஒருத்தர் 1917ல போட்டது, இன்னிக்கும் அதுதான் முதல் டெஸ்ட், அதுலயும் அப்படித்தான் வந்துச்சு. இது அம்மா வழியா பையனுக்கு வர்றது, அம்மாவுக்குக் கலர் நல்லாவே தெரியும். அவன் அம்மாகிட்ட விளக்கிச் சொன்னப்போ கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எங்கப்பா காப்பிப் பழம் பறிக்கப் போனா பழத்தை விட்டுட்டுக் காயைப் பறிக்கறார்னு கங்காணி திட்டுவாராம், குடிச்சிட்டு வந்திருக்கார்னு நினைச்சாங்களாம்"னாங்க.

இதுக்கு மருந்தோ ஆபரேஷனோ கிடையாது, கண்ணாடி விக்கிறவன் சரியாக்கிடும்னு சொன்னா நம்பாதீங்க. இப்போ சிவப்பு நூல்கண்டுல ஒரு முடிச்சு போட்டு வச்சிருக்காங்க, அவன் தொட்டுப் பாத்து எடுத்துக்கறான், ஒரு பிரச்சினையும் இல்ல. ஒரே ஒரு விஷயம்தான் அன்னிக்கு என்னால வாய்விட்டுச் சொல்ல முடியல. அவனுக்கு மேட்டுப்பாளையம் ஊட்டி மலை ரயில் ஓட்டணும்னு ஆசை. ரயில் ஓட்டற வேலைக்குக் கலர் பார்வை கட்டாயம். அப்புறம் அம்மாவை வச்சுக்கிட்டுத்தான் சொன்னேன், கேட்டுட்டு "கார்டு வேலைக்கு?"ன்னான். அதுக்கும் கொடி பாக்கணுமேடா.

தைச்சா கண்ணு கெட்டுடுமான்னு எல்லாரும் கேக்கறாங்க. வாரத்துல ரெண்டு மணி நேரம் தைக்கறதுல கண்ணு கெடாது. போனை மூஞ்சில ஒட்டி வச்சுக்கிட்டு வெயில் முகமே பாக்காம இருக்கறதுதான் ஆபத்து, பிள்ளைங்க தினமும் ஒன்றரை ரெண்டு மணி நேரமாவது வெளிய விளையாடினா கிட்டப்பார்வை வர்றது குறையுது. தைக்கும்போது துணிக்கும் கண்ணுக்கும் நடுவுல அந்தப் பிள்ளையோட முழங்கைல இருந்து நடுவிரல் கணு வரைக்கும் உள்ள தூரம் இருக்கட்டும், 20 நிமிஷத்துக்கு ஒருக்கா தலையை நிமித்தி எதிர்மலையைப் பாக்கட்டும், மஞ்சு இறங்கி மலை தெரியலேன்னா தெரியற வரைக்கும் தேடட்டும், அதுவும் நல்லதுதான்.

வெளிச்சம்தான் நம்ம ஊர்ல பெரிய தொல்லை. மூணு மணிக்கே மஞ்சு வந்து கூடம் இருட்டிடும், அந்த நேரம் பாத்துக் கரண்டும் போகும். வலதுகைக்காரப் பிள்ளைக்கு வெளிச்சம் இடது தோளுக்கு மேல இருந்து வரணும், இடதுகைக்கு நேர்மாறா, இல்லாட்டி அவங்க கை நிழலே துணில விழும். கறுப்புத் துணில கறுப்பு நூல் மட்டும் பிள்ளைங்ககிட்ட குடுக்கவே குடுக்காதீங்க. விளக்கு வச்சப்புறம் ஊசி எடுக்கக் கூடாது, யாருக்கும் குடுக்கவும் கூடாதுன்னு பெரியவங்க சொல்றது சாஸ்திரமோ என்னவோ, சிம்னி விளக்குல ஊசியைத் தொலைச்சிட்டுக் கால்ல ஏத்திக்கிட்டவங்கதான் முதல்ல சொல்லியிருப்பாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இனி சொல்றதைக் கொஞ்சம் கவனமாப் படிங்க. பிள்ளைங்க அடிக்கடி கோக்கணுமேன்னு நூலை நீளமா எடுத்துக்கும், ஊசியை இழுக்கும்போது கை விரிஞ்சு பக்கத்துல இருக்கற பிள்ளையோட முகத்துக்குப் போகும், நான் பாத்து பதறினது இதுதான். ஒரு முழம் நூல் போதும். ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு ஆள் உக்கார இடம் விடுங்க. குண்டூசியை வாய்ல வைக்கிற பழக்கத்தை முதல்ல டீச்சருங்க விடணும். தப்பித் தவறி ஊசி கண்ணுல பட்டுட்டா தேய்க்கக் கூடாது, தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது, தாய்ப்பாலோ வீட்ல கிடக்கிற சொட்டு மருந்தோ எதுவும் விடக் கூடாது. குத்தி நின்னுச்சுன்னா பிடுங்கவே கூடாது. ஒரு பேப்பர் கப்பை வெட்டிக் கண்ணைத் தொடாம மேல கவுத்து ஒட்டி, சாப்பிட எதுவும் குடுக்காம, ஏன்னா ஆபரேஷன் தேவைப்படலாம், உடனே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும். வலி இல்ல, ரத்தம் இல்ல, காலைல பாத்துக்கலாம்னு மட்டும் இருக்காதீங்க, ஊசிக் குத்து ரொம்பச் சின்னதா இருக்கும், உள்ள சீழ் வைக்க ஒரு ராத்திரி போதும். மலைல இருந்து கீழ இறங்கவே நேரம் ஆகும்ங்கறதையும் கணக்குல வச்சுக்கோங்க.

இந்தக் குரூப்புல வீட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஊசியை எண்ணாம யாரும் செருப்பு மாட்டக் கூடாதுன்னு சட்டம். போன வாரம் 24 குடுத்தது, 23தான் திரும்பி வந்துச்சு. பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டின காந்தத்தைக் கயித்துல கட்டி ஜமக்காளம் முழுக்க இழுத்தாங்க, பிள்ளைங்க முட்டி போட்டுத் தேடுச்சு, பஸ்ஸு வேற போயிடுச்சு. கடைசில அந்தக் கண்ணாடிப் பாப்பாதான் தூரத்துல நின்னு பாத்துட்டு "பாட்டி, உங்க ஸ்வெட்டர்ல"ன்னா. சொல்லிக் குடுக்க வந்த பாட்டி கழுத்துப் பக்கம் குத்தி வச்சிட்டு, அரை மணி நேரமா எல்லாரையும் அதட்டித் தேட விட்டிருக்காங்க.