ஏஐ இழுக்கும் மின்சாரம்: ஐரோப்பாவில் யார், எப்போது, எந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்?

ஏஐ-க்கு ஆகும் மின்சாரத்தை ஐரோப்பிய ஒன்றியம் இரண்டு சட்டங்கள் வழியாகக் கேட்கிறது. ஒன்று சர்வர்கள் ஓடும் கட்டடத்தை (டேட்டா சென்டரை) பிடிக்கிறது, இன்னொன்று அங்கே உருவாகும் ஏஐ மாடலை.

கட்டடத்துக்கானது 2023-இன் எரிசக்தித் திறன் சட்டம். கணினிகளுக்கு மட்டுமே 500 கிலோவாட்டோ அதற்கு மேலோ நிறுவியிருக்கும் டேட்டா சென்டர்கள், முந்தைய ஆண்டுக் கணக்கை மே 15-க்குள் ஐரோப்பியத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். முதல் தவணைக்கு மட்டும் 2024 செப்டம்பர் 15 வரை அவகாசம் இருந்தது. ராணுவத்துக்கு மட்டுமே பயன்படுபவற்றுக்கு விலக்கு உண்டு. மின்சாரம், தண்ணீர், வெளியே கொடுத்த வெப்பம், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் பங்கு எல்லாம் எழுத வேண்டும்.

இதில் எல்லோரும் பார்ப்பது பி.யு.இ. (PUE) என்ற எண். கட்டடம் மொத்தமாக இழுக்கும் மின்சாரத்தைக் கணினிகளுக்குப் போனதால் வகுத்தால் வருவது அது; 1-க்கு அருகில் இருந்தால் நல்லது. கட்டடம் 1.3 கோடி யூனிட் இழுத்து, கணினிகளுக்கு 1 கோடி போனால் பி.யு.இ. 1.3. கணினிப் பங்கை யுபிஎஸ் வெளியீட்டில் அளக்க வேண்டும். உள்ளீட்டில் அளந்தால் யுபிஎஸ்ஸில் வீணாவதும் கணினிக் கணக்கில் சேர்ந்து, எண் பொய்யாக இறங்கிவிடும். சரியாக அளந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. அறையைக் கொஞ்சம் சூடாக விட்டால் ஏசி செலவு குறையும், ஆனால் சர்வருக்குள் இருக்கும் விசிறிகள் வேகமெடுக்கும். அது கணினிக் கணக்கில் விழுவதால், மொத்தச் செலவு ஏறியிருந்தாலும் பி.யு.இ. இறங்கித் தெரியலாம். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்வித்தாலும் எண் அழகாக வரும், விலையைத் தண்ணீரில் கொடுக்கிறோம். எனவே பி.யு.இ.-யை மட்டும் பார்த்து எந்த டேட்டா சென்டரையும் பசுமையானது என்று நம்பிவிடாதீர்கள். தண்ணீர்க் கணக்கையும் கேளுங்கள்.

இந்தத் தரவுத்தளத்தில் தனித்தனிக் கட்டடங்களின் கணக்கு ரகசியம். நாடுவாரித் தொகுப்புதான் வெளியே வரும். டேட்டா சென்டருக்குப் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு இது பெரிய குறை.

மாடலுக்கானது 2024-இன் ஏஐ சட்டம். பொதுப் பயன்பாட்டு மாடல்களை (ஒரே வேலைக்கு என்றில்லாமல் பல வேலைகளுக்கும் உதவுபவை) வெளியிடுவோர், 2025 ஆகஸ்ட் 2 முதல், மாடலுக்கு ஆன மின்சாரத்தை ஆவணத்தில் எழுதி வைக்க வேண்டும். அதற்கு முன்பே சந்தைக்கு வந்தவற்றுக்கு 2027 ஆகஸ்ட் 2 வரை அவகாசம். அளந்த எண் கையில் இல்லையென்றால் மதிப்பிடலாம். உதாரணமாக, 700 வாட் சிப்கள் 1,000, முழு வேகத்தில் 30 நாள் ஓடினால் 5,04,000 யூனிட். அதை 1.3 பி.யு.இ.-யால் பெருக்கினால் 6,55,200. சிப்போடு நிறுத்திவிட்டால் கணக்கு குறைந்துபோகும். நினைவகம், நெட்வொர்க் கருவிகள் இழுப்பதையும் சேர்க்க வேண்டும்.

யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளத் திறந்துவிட்ட திறந்த மூல மாடல்களுக்கு, பெரும் அபாயம் உள்ளவை என்ற வகையில் வராதவரை, இந்த ஆவணக் கடமை இல்லை. ஆவணத்தைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. ஒன்றியத்தின் ஏஐ அலுவலகமோ தேசிய அதிகாரிகளோ கேட்டால் கொடுக்க வேண்டும். கடமை தவறினால் உலகளாவிய ஆண்டு வருவாயில் 3 சதவீதம் அல்லது 1.5 கோடி யூரோ, இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் போடலாம். அந்த அதிகாரம் 2026 ஆகஸ்ட் 2 முதல்.