சிபாரிசு: பரிந்துரையா, பிடிபாடா?

குமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் ஒரு பேரூராட்சி. குடிநீர்த் தொட்டியின் வால்வைத் திறந்து மூட ஓர் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று காற்றுவாக்கில் செய்தி வந்ததும் எங்கள் உறவுக்காரப் பையன் மனுவோடு கிளம்பினான். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். மனுவை வாங்கியவர் சான்றிதழ்களைப் புரட்டவில்லை. "பிடிபாடு ஏதாவது உண்டா?" என்று மட்டும் கேட்டாராம். வீட்டில் அவனுடைய சித்தப்பா, "சிபாரிசு இல்லாமல் போனால் இப்படித்தான்" என்று முடித்துவிட்டார். எனக்கு வேலையைவிட அந்த இரண்டு சொற்கள்தான் மனத்தில் நின்றன. (என் தவறுதான். பையன் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.)

சிபாரிசு பாரசீகத்திலிருந்து வந்தது. ஒப்படைத்தல் என்னும் பொருளுள்ள வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல். ஓர் ஆளையோ காரியத்தையோ இன்னொருவர் பொறுப்பில் விடுவது அதன் முதற்பொருள். இன்றைய ஈரானில் கடையில் ஒரு பொருளுக்குச் சொல்லிவைப்பதற்கும் இதே சொல்தான். உருது, மராத்தி, தெலுங்கு, கன்னடம் எல்லாவற்றிலும் உலவுகிறது. தாசில்தார், ஜில்லா, ஜப்தி, வசூல் போன்றவை வந்த அதே அலுவலக வழியில்தான் தமிழுக்கும் வந்தது. பாரசீகத்தில் முதலில் 'ப'கரமாக இருந்த ஒலி பிற்பாடு 'ஃப' ஆயிற்று. ஃபகரம் இல்லாத தமிழ், அதைத் தன்னையறியாமல் பழைய ஒலிக்கே திருப்பிவிட்டது. பழைய அச்சில் 'சிபார்சு' என்றும் காணலாம்.

மலையாளத்தில் இது 'சுபார்ச'. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. குமரி மாவட்டத்தின் பழைய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. திருவிதாங்கூரின் அரசியலே வேலை யாருக்கு என்ற சண்டையில் வளர்ந்தது. உயர்ந்த பதவிகளை வெளியூர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு 1891இல் மன்னருக்கு அளித்த விண்ணப்பம் மலையாளி மெமோரியல். அப்படிக் குறை சொல்லப்பட்டவர்களில் தமிழ்ப் பிராமணர்கள் முக்கியமானவர்கள். 1896இல் டாக்டர் பல்பு தலைமையில் ஈழவர்கள் 13,176 கையெழுத்துகளுடன் தங்களுக்கும் கதவைத் திறக்கக் கேட்டார்கள். 1930களில் தேர்தலைப் புறக்கணித்து நடந்த நிவர்த்தனப் போராட்டம் வரை இது ஓயவில்லை. அதன் பயனாக 1936இல் திருவிதாங்கூரில் பொதுப்பணிக்கு ஆள் எடுக்கத் தனி ஆணையர் வந்தார். சென்னை மாகாணம் அதற்கு முன்பே, 1929இல், தேர்வாணையம் கண்டிருந்தது.

தேர்வு வந்ததும் சிபாரிசு ஒழிந்துவிடவில்லை, படியிறங்கியது. கிராம நிர்வாக அலுவலராகத் தேர்வாணையத்தின் தேர்வு எழுத வேண்டும். தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் அப்படியொரு தேர்வு கிடையாது. சம்பளம் சிறியது, ஆனால் ஊருக்குள்ளேயே கிடைக்கும் வேலை. குமரியில் 95 ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் இப்படி நாலைந்து இடமாவது இருக்கும், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கட்சிக்காரரின் மைத்துனர் இருப்பார். லெட்டர் பேடில் வரும் கடிதம் பெரும்பாலும் ஒரே வாக்கியந்தான்: 'இவர் நமக்கு வேண்டியவர்.' வேண்டுதல் வேண்டாமை இல்லாதவன் இறைவன் ஒருவனே என்று வள்ளுவர் முதல் அதிகாரத்திலேயே சொல்லிவிட்டதால், ஒன்றியச் செயலாளரைக் குறைசொல்லிப் பயனில்லை.

இனி, இதற்குத் தமிழ் என்ன? அகராதிகள் தயங்காமல் 'பரிந்துரை' என்கின்றன. பரிதல் என்றால் இரங்குதல், அன்புகொள்ளுதல். அன்போடு எடுத்துச்சொல்வது பரிந்துரை. 'அவனுக்குப் பரிந்து பேசாதே' என்று வீட்டில் சொல்லும்போது அதில் ஓரவஞ்சனையும் கலந்திருக்கிறது. அந்த அளவில் சிபாரிசுக்கு இணையான சொல்தான். ஆனால் அரசுத் தமிழ் அந்த ஈரத்தைப் பிழிந்துவிட்டது. இன்று குழு பரிந்துரைக்கிறது, ஆணையம் பரிந்துரைக்கிறது, மருத்துவர் மாத்திரையைப் பரிந்துரைக்கிறார். அங்கே யாருக்கும் யார் மேலும் பரிவு இல்லை. ஆகவே ஒருவர் 'பரிந்துரையால் வேலை பெற்றார்' என்று எழுதினால் முறைப்படி பெற்றார் என்றே படிப்பவர் நினைப்பார். 'சிபாரிசால் பெற்றார்' என்றால்தான் பொறிதட்டும்.

அந்தக் கோணலான பொருளுக்கு எங்கள் மாவட்டம் ஒரு சொல்லை வைத்திருக்கிறது. அதுதான் மனு வாங்கியவர் கேட்ட 'பிடிபாடு'. மலையாளத்திலும் உண்டு என்பதால் இதை மலையாளம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். பிடி, பாடு இரண்டும் தமிழ் வேர்கள். ஏற்பாடு, கோட்பாடு, கட்டுப்பாடு என்பவற்றை ஏற்றுக்கொண்டவர்கள் பிடிபாட்டை ஏன் வாசலில் நிறுத்த வேண்டும்? செல்வாக்கு என்பதைவிட இது கூர்மையானது. செல்வாக்கு என்பது அதை உடையவரிடம் இருப்பது, பிடிபாடு என்பது கேட்பவன் கையில் இருப்பது. திருவாசகத்தின் பிடித்த பத்தில் இந்த இரு முனைகளும் ஒரே பாட்டில் வருகின்றன. 'பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து' அருளுகிறவன் அவன், 'சிக்கெனப் பிடித்தேன்' என்பவர் அடியார். கொடுப்பவர் பக்கம் பரிவு, பெறுபவர் பக்கம் பிடி. மணிவாசகர் மன்னிக்கட்டும், பேரூராட்சி வாசலிலும் நடப்பது அதுதான். முறையான அறிவிப்பும் போட்டியும் இல்லாமல் வந்தவர்கள் பணி நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் உமாதேவி வழக்கில் சொன்னது. அதனால் தினக்கூலியில் நுழைந்தவர் எத்தனை ஆண்டானாலும் பிடியை விட முடிவதில்லை.

என் கருத்து இதுதான்: குழுவும் ஆணையமும் சொல்வது பரிந்துரையாகவே இருக்கட்டும், வேண்டியவருக்காக நடப்பதைப் பிடிபாடு என்றும் பிடிபாட்டு நியமனம் என்றும் எழுதலாம்.

கேரளத்தில் குழப்பம் வேறு மாதிரி. அங்கே சுபார்ச நல்லதற்கும் கெட்டதற்கும் பொது. தரவரிசைப் பட்டியலில் இடம்பிடித்தவருக்குத் தேர்வாணையம் அனுப்பும் முறையான கடிதத்துக்கே 'நியமன சுபார்ச' என்று பெயர். பாறசாலையில் இருக்கும் எங்கள் பெரியம்மா மகள், மூன்று ஆண்டுகள் படித்துத் தேர்வெழுதியவள், போன மாதம் தொலைபேசியில் "சுபார்ச வந்துவிட்டது" என்று கத்தினாள். பையனின் சித்தப்பா என் கையிலிருந்து போனை வாங்கி முதலில் கேட்டது: "எந்தக் கட்சிக்காரர் கொடுத்தது, மகளே?"