டொமைன், அதாவது ஆள்களம்: உங்கள் கடையின் பெயர் யார் கையில்?

“டொமைன் வாங்கியாச்சா?” “டொமைன் எக்ஸ்பயரி ஆகிடுச்சாம், அதான் சைட் வரமாட்டேங்குது.” ஜவுளிக்கடை, மசாலா கம்பெனி, டியூஷன் சென்டர் என்று சின்னத் தொழில் நடத்துகிற எல்லோர் வாயிலும் இப்போது புழங்குகிற சொல் இது. புழங்குகிறதே தவிர, கேட்டுப் பார்த்தால் ஒருவர் வெப்சைட்டையே டொமைன் என்கிறார், இன்னொருவர் ஹோஸ்டிங்குக்குக் கட்டுகிற பணத்தை டொமைன் பணம் என்கிறார், மூன்றாமவர் “அதெல்லாம் டிசைன் பண்ணின தம்பி பார்த்துக்கிறாரு” என்று முடித்துவிடுகிறார். இந்தக் குழப்பத்தில் கடைப் பெயரையே இழந்தவர்கள் உண்டு. அதனால் இந்தச் சொல் எதைக் குறிக்கிறது, எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொல்வது என்று நிதானமாகவே பார்த்துவிடலாம்.

முதலில் பொருள். இணையத்தில் இருக்கும் வழங்கிக் கணினிகளுக்கு, அதாவது சர்வர்களுக்கு, எண்களால் ஆன முகவரி உண்டு, ஐபி முகவரி என்பார்கள். அந்த எண்ணை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது என்பதால் அதற்குப் பதிலாக வைக்கிற பெயர்தான் டொமைன் பெயர். உங்கள் கடைப்பெயருக்குப் பின்னால் டாட் இன் சேர்த்து ஒருவர் போனில் தட்டினால், அந்தப் பெயருக்கு எந்த எண் என்று தேடும் வேலை தொடங்குகிறது. உச்சியில் இருக்கும் வேர் வழங்கி ‘டாட் இன் விவகாரமா, அவர்களைக் கேள்’ என்று ஓர் இடத்துக்கு அனுப்பும், அங்கே ‘இந்தக் கடையா, இன்ன வழங்கியைக் கேள்’ என்பார்கள், கடைசியில் அந்த வழங்கி எண்ணைச் சொல்லும். இது நடந்து முடிய ஒரு நொடிகூட ஆகாது. ஹோஸ்டிங் என்பது வேறு, அது தளத்தின் கோப்புகளை வைக்க எடுக்கும் இடம். வெப்சைட் என்பது அந்தக் கோப்புகள், படங்கள், விலைப்பட்டியல் எல்லாம் சேர்ந்தது. மூன்றையும் மூன்று நிறுவனங்களிடம் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். தளத்தை மொத்தமாகக் கலைத்து வேறொன்று கட்டினாலும் பெயர் அப்படியே இருக்கும்.

இப்போது சொல்லின் வேர். லத்தீனில் ‘டோமுஸ்’ என்றால் வீடு. வீட்டை ஆள்பவர் ‘டோமினுஸ்’, அதாவது எசமானர், தலைவர். அவருடைய ஆட்சியுரிமை ‘டோமினியும்’. இது பழைய பிரெஞ்சுக்குப் போய், ஒரு பிரபுவின் ஆளுகைக்கு உட்பட்ட நிலம் என்ற பொருளில் ‘டொமேன்’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இதே ‘டோமினுஸ்’தான் கிறித்தவ வழிபாட்டில் கடவுளைக் குறிக்கும் சொல்லும் ஆனது. கிபி என்று நாம் எழுதுவதை ஆங்கிலத்தில் ஏடி என்கிறார்களே, அதன் விரிவான ‘ஆனோ டோமினி’யில் வரும் டோமினி இதுதான், ‘ஆண்டவரின் ஆண்டில்’ என்று பொருள். தமிழ்க் கிறித்தவர்கள் அதை ஆண்டவர் என்றே சொல்கிறார்கள், அந்தச் சொல்லும் ‘ஆள்’ என்ற வேரில் பிறந்ததுதான். லத்தீனுக்கும் தமிழுக்கும் உறவு என்று நான் சொல்லவரவில்லை. ஆளுகிறவரைச் சுட்டும் சொல்லே இறைவனுக்கும் ஆகிவந்தது இரண்டு மொழியிலும் தனித்தனியே நடந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் டொமைனுக்குத் தமிழ் தேடும்போது ‘ஆள்’ என்ற வேர் ஏன் அவ்வளவு இயல்பாக வந்து உட்காருகிறது என்பது இதைப் பார்த்தால் புரியும்.

கணினிக்காரர்கள் ஏன் நிலப்பிரபு காலத்துச் சொல்லை எடுத்தார்கள்? அதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் கணினிகள் சில நூறாக இருந்தவரை, எல்லாப் பெயர்களும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிய கணினி ஒன்று சேர்ந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் கோப்பில் சேர்ப்பார்கள், மற்றவர்கள் எல்லாம் அந்தக் கோப்பை மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் என்ற கணினி அறிஞர் இன்றைய டிஎன்எஸ், அதாவது ‘டொமைன் நேம் சிஸ்டம்’ என்ற முறையை வடிவமைத்தார், இன்னொரு கணினி அறிஞரான ஜான் போஸ்டலும் அதில் உடன் இருந்தார். அதன் சாரம் இதுதான்: பெயர்களை ஒரே இடத்தில் குவிக்க வேண்டாம், பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் நிர்வகிக்கிற அதிகாரத்தை ஒவ்வொருவரிடம் கொடுத்துவிடலாம், அவர் தன் பகுதிக்குள் இன்னும் பிரித்து வேறொருவரிடம் கொடுக்கலாம். அப்படி ஒருவரின் நிர்வாகத்துக்குள் வரும் பகுதிக்குத்தான் டொமைன் என்று பேர் வைத்தார்கள். 1985 மார்ச் 15-ல் சிம்பாலிக்ஸ் டாட் காம் பதிவானது, டாட் காமில் முதல் பெயர் அது. அப்போதெல்லாம் பணம் கிடையாது. 1995-ல்தான் இரண்டு வருடத்துக்கு 100 டாலர் என்று கட்டணம் வந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். எழுத்தில் பல சொற்கள் உலவுகின்றன. தளப்பெயர் என்கிறார்கள், இணைய முகவரி என்கிறார்கள், களப்பெயர் என்கிறார்கள், ஆள்களப் பெயர் என்கிறார்கள். ‘தளப்பெயர்’ எளிதாக இருக்கிறது, ஆனால் தளம் என்றால் நமக்கு வெப்சைட், தளமே இல்லாமல் வெறும் மின்னஞ்சலுக்காக மட்டும் டொமைன் வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது. ‘முகவரி’ என்பது ஒரு பக்கத்தின் முழு யூஆர்எல்லுக்குத்தான் சரி, டொமைன் அந்த முகவரிக்குள் இருக்கும் ஒரு பகுதி மட்டுமே. கணிதப் பாடத்தில் டொமைனுக்கு ‘மதிப்பகம்’ என்று படித்திருப்போம், அது சார்புகளுக்கு உரியது, அதை இங்கே இழுக்கக் கூடாது.

எனக்கு ஆள்களம் என்பதுதான் சரியாகப் படுகிறது. நெற்களம், போர்க்களம், ஏர்க்களம் என்று களம் நமக்குப் பழகிய சொல், ஒரு வேலை நடக்கிற, எல்லை தெரிகிற இடம். அதை ஆள்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதை ‘ஆள்’ சொல்லிவிடுகிறது. 1983-ல் அவர்கள் நினைத்த நிர்வாகப் பகுதி என்ற கருத்து முழுதாக இதில் இருக்கிறது. வெறும் ‘களப்பெயர்’ என்று சுருக்கினாலும் தப்பில்லை, பேச்சுக்கு அதுவே வசதி. இதோடு வருகிற மற்ற சொற்களையும் சொல்லிவிடுகிறேன்: பெயர்களின் மூலப் பட்டியலை வைத்திருக்கும் அமைப்பு பதிவகம், நமக்குப் பெயரை விற்கிற நிறுவனம் பதிவாளர், பெயரைப் பதிந்துகொண்டவர் பதிவுதாரர். டாட் இன்னுக்குப் பதிவகம் நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. 2005-ல் டாட் இன் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, அதற்கு முன் கட்டுப்பாடுகள் அதிகம். பதிவகம் என்றதும் இலங்கைத் தமிழில் இருக்கும் ‘தோம்பு’ என்ற சொல் நினைவுக்கு வருகிறது. போர்த்துக்கீசர் காலத்தில் எந்த நிலம் யாருடையது என்று எழுதிவைத்த ஏட்டுக்கு அந்தப் பெயர். அருமையான சொல், டொமைன் பதிவகத்துக்கு அச்சாகப் பொருந்தும், ஆனால் தமிழ்நாட்டில் யாருக்கும் புரியாது என்பதால் வற்புறுத்த மாட்டேன்.

இந்தப் பதிவுதாரர் என்ற சொல்லில்தான் சின்னத் தொழில்காரர்கள் அடிபடுகிறார்கள். டொமைனை ‘வாங்குகிறோம்’ என்று சொன்னாலும் அது கிரயம் இல்லை, குத்தகை. ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடம், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். குத்தகைச் சீட்டில் யார் பெயரும் மின்னஞ்சலும் இருக்கிறதோ அவருக்குத்தான் உரிமை. தளம் செய்துகொடுத்தவர் தன் கணக்கிலேயே, தன் மின்னஞ்சலிலேயே பதிந்துவிடுவது இங்கே மிகச் சாதாரணம். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, அவருக்கு அது வசதி. பிறகு அவர் வெளிநாடு போய்விடுவார், அல்லது தொழிலை விட்டுவிடுவார், புதுப்பிக்கச் சொல்லும் அஞ்சல் அவருடைய பழைய பெட்டிக்குப் போய்க்கொண்டிருக்கும். விசிட்டிங் கார்டிலும் பையிலும் லாரியிலும் அச்சடித்த பெயர் ஒருநாள் வேறு யாருடைய விளம்பரத்தையோ காட்டும். ஆகவே பணம் கட்டிய ரசீதைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா, பதிவுதாரர் என்ற இடத்தில் உங்கள் பெயரோ நிறுவனத்தின் பெயரோ இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். இல்லையென்றால் மாற்றிக் கேளுங்கள். வேறு பதிவாளருக்கு மாற்ற ‘ஆத் கோட்’ என்ற ரகசியக் குறியீடு வேண்டும், அதைக் கேட்டு வாங்கும் உரிமை பதிவுதாரருக்கு உண்டு. புதிதாகப் பதிந்த 60 நாளுக்குள் பொதுவாக மாற்ற விடமாட்டார்கள்.

காலாவதியானாலும் அன்றைக்கே பெயர் போய்விடாது. டாட் காம் போன்றவற்றில் பெரும்பாலான பதிவாளர்கள் சில வாரம், அதிகபட்சம் 45 நாள் வரை வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்க விடுவார்கள், அதன் பிறகு பெயரை நீக்கினால் மீட்க 30 நாள், அதற்குத் தனிக் கட்டணம், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை. அப்புறம் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நல்ல பெயராக இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்காமல் ஏலத்தில் போய்விடும். புதுப்பிக்க மறப்பது சின்னவர்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட், தன் ஹாட்மெயில் அஞ்சலுக்குள் நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்து ஹாட்மெயிலில் பலர் நுழைய முடியாமல் போனது. வேறு விதமான அடியும் உண்டு. 2018 செப்டம்பரில் ஜோஹோ டாட் காம் பெயரை அதன் பதிவாளர், மோசடி மின்னஞ்சல் புகார்களைக் காரணம் காட்டி முடக்கிவைத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் உள்ள மென்பொருள் நிறுவனம், அதன் வழங்கிகள் எல்லாம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன, ஆனாலும் பெயர் வழிகாட்டாததால் பலரால் உள்ளே போக முடியவில்லை. ஆகவே பதிவாளரைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் வருடச் சலுகை விலையை மட்டும் பார்க்காமல், பிரச்சினை வந்தால் போன் எடுத்துப் பேச ஆள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸும் இன்ஸ்டாகிராமும் இருக்க ஆள்களம் எதற்கு என்று கேட்பார்கள். வாட்ஸ்அப் பிசினஸ் 2018-ல் வந்ததில் இருந்து ஆர்டர் எடுப்பது எவ்வளவோ எளிதாகிவிட்டது, அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கு இருப்பது அடுத்தவர் ஆள்களத்தில், முடக்கினால் கேட்க வழி குறைவு. மின்னஞ்சலிலும் இதே கதைதான். கடைப்பெயரில் ஆள்களம் இருந்தால் ‘ஆர்டர்ஸ்’, ‘அக்கவுண்ட்ஸ்’ என்று முன்னால் போட்டு எத்தனை முகவரி வேண்டுமானாலும் வைக்கலாம், அஞ்சல் சேவை தரும் நிறுவனத்தை மாற்றினாலும் முகவரி மாறாது, வேலையை விட்டுப் போகிறவரோடு வாடிக்கையாளர் கடிதங்களும் போகாது.

கடைசியாக, எந்தப் பெயரைப் பதிவது? தமிழ்ப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போது பெரிய தலைவலி ஒன்று இருக்கிறது. ழகரத்துக்கு இசட் எச் போடுவதா, எல் போடுவதா? தகரத்துக்கு வெறும் டி போதுமா, கூடவே எச் வேண்டுமா? நெடிலுக்கு இரண்டு ஏ போடுவதா? ‘பழமுதிர்’ என்பதைப் பத்துப் பேரிடம் எழுதச் சொன்னால் நாலைந்து விதமாக எழுதுவார்கள். பதியும் முன் பெயரை வாயால் சொல்லி, கேட்பவர் போனில் எப்படித் தட்டுகிறார் என்று சோதியுங்கள், அதிகம் பேர் தட்டுகிற எழுத்துக்கூட்டலை முதன்மையாக வைத்து, பட்ஜெட் இருந்தால் அடுத்ததையும் பதிந்து முதலாவதற்குத் திருப்பிவிடுங்கள்.

தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கவும் முடியும். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்தில் 2010-2011 வாக்கில் வந்துவிட்டன. உள்ளுக்குள் பியூனிகோட் என்ற முறையில் அது ரோமன் எழுத்து வரிசையாக மாறித்தான் வேலை செய்கிறது. உலாவிகளில் நன்றாகவே திறக்கும். சிக்கல் மின்னஞ்சலில்தான், பல படிவங்களும் ஆப்களும் தமிழ் எழுத்து முகவரியைத் ‘தவறான முகவரி’ என்று தள்ளிவிடுகின்றன. இப்போதைக்குத் தமிழ்ப் பெயரைப் பதிந்து தளத்துக்குத் திருப்பிவிட்டு, பெயர்ப்பலகையில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், மின்னஞ்சலை மட்டும் ரோமன் எழுத்துப் பெயரில் வைத்திருங்கள்.