தேக்க ஓரிடம், ஊற வேறிடம்

2024 கோடையில் பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்பின் போர்வெல் வற்றியது. மழைநீரை மண்ணுக்குள் இறக்க, அடுத்த மழைக்குள் ஓர் உறைக்கிணறு தோண்டிவிடுவது என்று முடிவெடுத்தோம். கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. காலி என்பதைத் தவிர அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வேறு காரணமே இல்லை. ஜூன் மழையில் கிணறு நிரம்பியது. சரி, வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டோம். ஒரு வாரமாகியும் தண்ணீர் அப்படியே நின்றது.

மறுபடி பார்க்க வந்த கிணறு தோண்டும் பெரியவர், அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நனைத்து உள்ளங்கையில் உருட்டினார். திரி போல நீண்டு வந்தது. "களி சார் இது. பானை வனையலாம், தண்ணி இறங்காது" என்றார்.

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை. நனைந்தால் உப்பி, இடைவெளிகளை இன்னும் அடைத்துக்கொள்ளும். மணலில் தண்ணீர் மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கும். களியில் 1 முதல் 5 மில்லிமீட்டர்தான். அதற்கும் கீழே இந்த ஊரில் இருப்பது மிகப் பழைய கருங்கல் பாறை. பாறைக்குள் தண்ணீர் தங்க இரண்டே வழி: மேலே பாறை மக்கி உதிர்ந்த முரம்பு, அதற்கடியில் உள்ள வெடிப்புகள். முரம்பு ஒரு தெருவில் ஆழமாக இருக்கும், அடுத்த தெருவிலேயே மெலிந்துவிடும். அதனால் பக்கத்து வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நன்றாக இறங்குகிறது என்பதை நம்பி நம் வீட்டில் இடம் குறிக்கக் கூடாது.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஓர் அடி அகலம், மூன்று அடி ஆழத்தில் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதலில் ஊற்றியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். காய்ந்த மண் ஆசையாகக் குடித்து நம்மை ஏமாற்றிவிடும். அது வடிந்த பிறகு மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று குச்சியில் குறித்துக்கொள்ள வேண்டும். மேல்மண்ணின் குணம் இதில் தெரியும். ஆழத்தில் என்ன இருக்கிறது என்பது தோண்டும்போது வரும் மண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

எங்களுக்கு ஆகாத அதே களி, ஏரிக்கு வரம். அந்தக் காலத்தில் ஏரி வெட்டியவர்கள் இரண்டு மேடுகள் நெருங்கி வரும் இடுக்கைத் தேடினார்கள். அங்கே சின்னக் கரை போட்டாலே நிறையத் தண்ணீர் நிற்கும், களித்தரை அதைக் கீழே விடாது. மிஞ்சியது கலங்கல் என்ற உபரிநீர் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். பெரிய ஆறு இல்லாத மேட்டு நிலமான பெங்களூரு இந்தச் சங்கிலியை நம்பித்தான் வளர்ந்தது. ஊரின் கிழக்குச் சரிவில் விழும் மழை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர்ப் பக்கம் போகிறது; மேற்கே விழுவது விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கு.

கோலார் மாதிரி வறண்ட மாவட்டங்களில் தடுப்பணைக்கும் கசிவுக் குட்டைக்கும் இடம் தேட இன்று செயற்கைக்கோள் படங்கள் உதவுகின்றன. சரிவு, மண், மழை, ஓடைகள், நிலப் பயன்பாடு என்று ஒவ்வொன்றையும் ஒரு வரைபடமாக்கி, முக்கியத்துக்கு ஏற்ப மதிப்பெண் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். வயலில் வரப்பு கட்டி மழையைப் பிடிப்பதென்றால் 100 மீட்டருக்கு 5 மீட்டருக்கு மேல் சரிவு இருக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. மீறினால் தண்ணீர் சமமாகப் பரவாது, மண்வேலையும் பெருகும். ஆனால் அந்த நிலம் யாருடையது, வண்டலை யார் அள்ளுவார்கள் என்பதை ஊருக்குள் போய்த்தான் கேட்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை பாதி வேலை அதுதான்.

எங்கள் கதைக்கு வருகிறேன். மூன்று இடங்களில் குழி போட்டுப் பார்த்தோம். வாசல் மாமரத்துக்கு அப்பால், சாக்கடைக் குழாயிலிருந்து நன்றாகத் தள்ளி ஓரிடம் தேறியது. 12 அடியில் முரம்பு வந்தது. மூன்று அடி அகலம், 20 அடி ஆழக் கிணறு சுமார் 4,000 லிட்டர் கொள்ளும். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,200 சதுர அடி மொட்டைமாடியிலிருந்தே 5,500 லிட்டர் வரை வந்துவிடும். அதனால் கிணற்றின் கொள்ளளவைவிட அது எவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்பதே முக்கியம். குப்பையும் வண்டலும் உள்ளே போய் அடைக்காமல் இருக்க முன்னால் ஒரு வடிகட்டும் தொட்டி வைத்தோம்.

இப்போது ராத்திரி மழை பெய்தால், காலையில் யாராவது ஒருவர் மூடியைத் திறந்து பார்க்கிறோம். அடியில் இரண்டடித் தண்ணீர் நிற்கும். மத்தியானத்துக்குள் அதுவும் இறங்கிவிடுகிறது.